எட்டு இன்ச் வட்டம்

மணிக்காரம்மாவுக்கு ஐம்பத்து மூன்று வயது. அதில் முப்பத்தொரு வருஷம் ஏணியில் போனது. அலுவலகம், பள்ளிக்கூடம், கிடங்கு என்று ஊரில் எங்கெல்லாம் சுவரில் ஃபயர் அலாரம் தொங்குகிறதோ, அங்கெல்லாம் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு போய், அது அடிக்கிறதா என்று பார்த்துவிட்டு வருவது அவருடைய உத்தியோகம். அடித்தால் எல்லோரும் காதைப் பொத்திக்கொண்டு அவரை முறைப்பார்கள். அடிக்காவிட்டால் அவர் எல்லோரையும் முறைப்பார். இரண்டிலுமே அவருக்கு ஒரு திருப்தி உண்டு.

நாளெல்லாம் மணியோடு மல்லுக்கட்டுகிறவர் வீட்டுக்கு வந்தால் அந்தப் பேச்சையே எடுக்க மாட்டார் என்று நினைத்தால் ஏமாந்து போவீர்கள். வீட்டின் பின்னறை முழுக்க அதுதான். பழைய கட்டடங்களில் புதுசு பொருத்தும்போது கழற்றிப் போடுகிற மணிகளை, நிர்வாகியிடம் கடிதம் எழுதிக் கேட்டு வாங்கி, துணியில் சுற்றி மடியில் வைத்துப் பஸ்ஸில் கொண்டுவருவார். கண்ணாடியை உடைத்து அழுத்துகிற சிவப்புப் பெட்டிகள், கைப்பிடியைப் பிடித்து இழுக்கிற பெட்டிகள், ஆடு மாதிரி கத்துகிற ஊதல்கள், வட்டத் தட்டு மணிகள் என்று சுவரில் ஒரு காலண்டர் மாட்டக்கூட இடமில்லை. ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்கு மொட்டை மாடியில் ஒவ்வொன்றாக அடித்துப் பார்ப்பார். அக்கம்பக்கத்தார் முதலில் சண்டைக்கு வந்தார்கள், பிறகு பழகிவிட்டார்கள், இப்போது எதிர்வீட்டுக்காரர் அந்தச் சத்தத்தை வைத்துத்தான் கடிகாரத்தைச் சரி செய்கிறார். நிஜமாகவே தீப்பிடித்தால் அந்தத் தெருவில் ஒரு ஜீவன் அசையப் போவதில்லை.

மகள் பரீட்சைக்குப் படித்ததெல்லாம் இந்தச் சத்தத்துக்கு நடுவில்தான். இப்போது வெளியூரில் வேலையில் இருக்கிறாள். காலையில் எந்த அலாரம் வைத்தாலும் விழிப்பு வருவதில்லை, எல்லாம் உன்னால்தான் என்று அம்மாவை வாரம் ஒருமுறை போனில் பிடித்துக்கொள்வாள்.

வீட்டுக்காரர் பெயிண்டர். ஊரே அவரைப் பெயிண்டர் என்றுதான் கூப்பிடும். ஊரில் பாதி வீட்டுச் சுவர் அவர் கை பட்டது, மணி தொங்குகிற கட்டடங்கள் வாய்த்ததுதான் அபூர்வம். மேலே பார்த்துக் கூரைக்கு அடிக்கும்போது வாயைத் திறந்தால் பெயிண்ட் உள்ளே போய்விடும் என்று சின்ன வயதில் பழகியதோ என்னவோ, ஆளுக்குப் பேச்சு குறைவு. மணிக்காரம்மா பேசுவார், இவர் கேட்பார். இருபத்தெட்டு வருஷக் குடித்தனம் அப்படியே சுமுகமாக ஓடிக்கொண்டிருந்தது.

இந்தக் கிறுக்கு தனக்கு மட்டும்தான் என்று மணிக்காரம்மா ரொம்ப நாள் வெட்கப்பட்டுக்கொண்டிருந்தார். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் போனில் ஒரு குழு அகப்பட்டது. அவரைப் போலவே மணி சேர்க்கிறவர்கள், பல ஊர்க்காரர்கள், மொத்தம் இருபத்தேழு பேர். காப்பீட்டுக் கம்பெனியில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒருவர் அதற்குத் தலைவர். கிண்டல் பேச்சுக்கு ஒரு பல் டாக்டர். மணிக்காரம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. சேர்ந்த முதல் வாரத்திலேயே அறுபது படம் அனுப்பி, போனைச் சோற்றுப்பானை மாதிரி சூடாக்கி வைத்தார்.

அந்தக் குழுவில் ஒரு விசேஷம். தங்களிடம் இருக்கிற மணியைப் பற்றி அவர்கள் பேசுவது கொஞ்சம்தான். யாரிடமும் இல்லாத, யாருமே பார்க்காத மணியைப் பற்றித்தான் மணிக்கணக்கில் பேச்சு. ஆஸ்பத்திரியில் நோயாளிகள் பயந்துவிடக் கூடாதென்று வெள்ளை நிறத்தில் ஓர் ஊதல் செய்திருப்பார்கள் என்பார் ஒருவர். இடது கைக்காரர்களுக்காகக் கைப்பிடியை மாற்றி வைத்த பெட்டி ஒன்று கட்டாயம் இருந்திருக்கும் என்பார் இன்னொருவர். தீ வந்தால் எந்தக் கையால் இழுப்பது என்று யார் யோசித்துக்கொண்டிருப்பார்கள் என்று பல் டாக்டர் கேட்பார். தலைவர் எல்லாவற்றையும் ஒரு பட்டியலில் எழுதி வைப்பார். அதில் மூன்று பத்தி. கண்ணால் கண்டதெல்லாம் ‘பார்த்தது’. மணி கிடைக்காவிட்டாலும் ஒரு தடயமாவது இருந்தால் ‘சுவடு உண்டு’. மற்றதெல்லாம் ‘நினைப்பு’. வருஷத்துக்கு ஒருமுறை கூடி, கையைத் தூக்கி ஓட்டுப்போட்டு, எது எந்தப் பத்திக்குப் போகிறது என்று முடிவு செய்வார்கள்.

‘நினைப்பு’ப் பத்தியில் பதினோரு வருஷமாக முதல் வரியில் உட்கார்ந்திருந்தது மணிக்காரம்மாவின் எட்டு இன்ச் மணி.

கதை இதுதான். எப்போதோ மூடிப்போன ஒரு பழைய தொழிற்சாலை, வட்டத் தட்டு மணிகளை மூன்று அளவில் செய்தது. நாலு இன்ச், ஆறு இன்ச், பத்து இன்ச். உலகத்தில் எல்லோரும் பார்த்தது இந்த மூன்றைத்தான். ஆனால் மணிக்காரம்மா ஒருமுறை வாங்கிய பெட்டிக்குள், சுவரில் எப்படி மாட்டுவது என்று காட்டுகிற தாள் ஒன்று மடித்துக் கிடந்தது. கூரையில் இடிக்காமல் எவ்வளவு தள்ளி மாட்ட வேண்டும் என்பதற்காக அதில் ஒன்றுக்குள் ஒன்றாக வட்டங்கள் போட்டிருந்தார்கள். எண்ணிப் பார்த்தால் மூன்றல்ல, நாலு. நாலாவதன் குறுக்களவு எட்டு இன்ச். மணியே இல்லையென்றால் வட்டம் எதற்கு என்று அன்று கேட்க ஆரம்பித்தவர்தான்.

அச்சடித்தவன் தப்பு என்றார் தலைவர். அது தாளின் மேல் டீத் தம்ளர் வைத்த கறை என்றார் பல் டாக்டர். மணிக்காரம்மா விடவில்லை. ஆறு இன்ச்சின் சத்தம் இரண்டு மாடி ஏறாது, பத்து இன்ச் படிக்கட்டுக்குள் அடித்தால் ஆளே விழுந்துவிடுவான், ஆகவே படிக்கட்டுக்கென்றே எட்டு இன்ச்சில் கொஞ்சம் செய்து பார்த்திருப்பார்கள், அதற்குள் தொழிற்சாலைக்கு மூடுவிழா நடந்திருக்கும் என்பது அவர் கட்சி. குழுவில் அவருக்குப் பெயரே ‘எட்டு இன்ச்’ என்று ஆகிவிட்டது. பிறந்தநாள் வாழ்த்துகூட அந்தப் பெயருக்குத்தான் வரும்.

மணி கிடைக்காவிட்டால் என்ன, அது இருந்த இடம் கிடைக்கலாமே என்று அவர் வட்டம் அளக்க ஆரம்பித்தார். சுவருக்குப் பெயிண்ட் அடிக்கிறவர்கள் மணியைக் கழற்ற மாட்டார்கள், சுற்றித்தான் அடிப்பார்கள். பிறகு என்றைக்காவது மணியைக் கழற்றினால், அடியில் பழைய நிறத்தில் ஒரு வட்டம் மிஞ்சும். திருகு ஓட்டைகளை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது, எல்லா அளவுக்கும் பின்பெட்டி ஒன்றுதான். வட்டம்தான் சாட்சி. போகிற இடமெல்லாம் டேப்பை நீட்டி அளந்தார். ஆறு, ஆறு, நாலு, பத்து, ஆறு. சில சமயம் ஆறுக்கும் குறைவாக வரும், ஏனென்றால் அவசரக்காரப் பெயிண்டர் மணிக்கு அடியிலும் பிரஷ்ஷை விட்டிருப்பான். மணியின் அளவுக்கு மேலே வந்ததே இல்லை. பெயிண்டர்கள் மணியின் மேலேயே பூசிவிட்டுப் போவார்களே ஒழிய, ஒதுங்கி அடிக்கிற பெயிண்டர் இன்னும் பிறக்கவில்லை என்று வீட்டிலேயே சொல்வார். பெயிண்டர் அதைக் கேட்டுக்கொண்டு டீயைக் குடிப்பார்.

போன புதன்கிழமை அவருக்கு நூலகத்தில் வேலை. பழைய வயரையெல்லாம் மாற்றுகிறார்கள். படிக்கட்டுத் திருப்பத்தில், வாசகர்கள் செய்யக் கூடாதவை என்று பதினெட்டு விதி எழுதிய பெரிய பலகை ஒன்று தொங்கியது. வயருக்காக அதை இறக்கினார்கள். பின்னால் பச்சைச் சுவரில், இளமஞ்சள் நிறத்தில், சுத்தமாக ஒரு வட்டம். மணிக்காரம்மா டேப்பை வைத்தார். எட்டு. குறுக்கே வைத்தார். எட்டு. டேப்பின் மேலேயே சந்தேகப்பட்டு, நூலகரிடம் இரும்பு ஸ்கேல் வாங்கி வைத்தார். எட்டேதான்.

அங்கே ஒரு பழைய மணி இருந்தது, வெகுநாளைக்கு முன்னால் கழற்றிப் பழைய இரும்போடு போட்டுவிட்டார்கள் என்று நூலகர் சொன்னார். மணிக்காரம்மாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஏணியின் மூன்றாவது படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். அரை மணி நேரத்தில் குழு முழுக்கச் செய்தி பரவியது. இந்த வருஷக் கூட்டத்தை ஞாயிற்றுக்கிழமை காலை நூலகப் படிக்கட்டிலேயே வைத்துக்கொள்வது என்று தலைவர் அறிவித்தார். பல் டாக்டரே, டீத் தம்ளரைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன் என்று எழுதினார்.

அன்று சாயங்காலம் மணிக்காரம்மா செருப்பைக்கூடக் கழற்றாமல் படத்தைக் காட்டினார். பெயிண்டர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். வட்டத்தை அல்ல, பச்சையைப் பார்த்தார். அந்தப் பச்சையை அவருக்குத் தெரியும்.

வியாழக்கிழமை வேலை முடிந்ததும் வீட்டுக்கு வராமல் நேரே நூலகத்துக்குப் போனார். படிக்கட்டில் ஏறும்போதே ஞாபகம் வந்துவிட்டது. இருபத்தாறு வருஷத்துக்கு முன்னால், படியில் ஏணி நிற்காமல், ஒரு பலகையைக் குறுக்கே போட்டு அதன்மேல் நின்று அடித்த சுவர். அவர் இடது கைக்காரர். வட்டமாக ஓரம் அடித்தால் கடைசியில் வலப்பக்கம் கீழேதான் பிரஷ்ஷை எடுப்பார், எடுக்கும்போது சின்னதாக ஒரு வால் விழும். கிட்டே போய்ப் பார்த்தார். வால் இருந்தது. மணிக்கு நாலு பக்கமும் கட்டைவிரல் அகலம் இடம் விட்டு அடிப்பது அவர் பழக்கம். ஆறு இன்ச் மணி, அந்தப் பக்கம் ஒரு இன்ச், இந்தப் பக்கம் ஒரு இன்ச். பிறக்காத பெயிண்டர் அவர்தான்.

வீட்டுக்கு வந்தால், மணிக்காரம்மா சமையலறையில் பாடிக்கொண்டிருந்தார். அவர் பாடி எத்தனையோ வருஷம் ஆகிறது, ராகமும் சரியில்லை, ஆனால் அந்தப் பாட்டை நிறுத்தி வட்டத்தைப் பற்றிச் சொல்லப் பெயிண்டருக்கு வாய் வரவில்லை. சொல்லாமலே விட்டுவிட்டால் என்ன? அந்த வாலை உலகத்தில் வேறு யாருக்கும் தெரியாது. எட்டு இன்ச் ‘சுவடு உண்டு’க்குப் போகும், அவளும் சந்தோஷமாக இருப்பாள், யாருக்கு நஷ்டம் என்று வெள்ளிக்கிழமை முழுக்கத் தனக்குத்தானே சமாதானம் சொல்லிப் பார்த்தார். சமாதானம் ஆகவில்லை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு குழாய் ரிப்பேர்க்காரர் நீல நிறப் பெட்டி கிடைத்தது என்று கூட்டத்துக்குக் கொண்டுவந்தபோது, மூலையில் நகத்தால் சுரண்டி அடியில் சிவப்பைக் காட்டி, அந்த மனிதரை எல்லோர் முன்னாலும் தலைகுனிய வைத்தவர் மணிக்காரம்மாதான். பொய்யான மணி ஒன்று பட்டியலில் ஏறினால் மற்ற எல்லா மணியும் பொய் என்று அன்று சொன்னார். அப்படிப்பட்டவள் பேரிலேயே தன் பிரஷ்ஷால் ஒரு பொய் ஏறப்போகிறது என்பதை அவரால் தாங்க முடியவில்லை.

சனிக்கிழமை காலை மணிக்காரம்மா தரையில் உட்கார்ந்து, மறுநாள் காட்டுவதற்காக அட்டையில் எட்டு இன்ச் வட்டம் வெட்டிக்கொண்டிருந்தார். பெயிண்டர் கதவோரம் நின்றார்.

“அந்த வட்டம் நான் விட்டதும்மா.”

“எந்த வட்டம்?”

“நூலகத்துல இருக்கறது. அந்தப் படிக்கட்டுக்குப் பச்சை அடிச்சது நான்தான். மணியைச் சுத்தி ஒரு கட்டைவிரல் இடம் விட்டுத்தான் அடிப்பேன். அங்க இருந்தது ஆறு இன்ச்சு.”

கத்தரி நின்றது. மணிக்காரம்மா நிமிரவில்லை.

“எப்பத் தெரியும் உங்களுக்கு?”

“வியாழக்கிழமை.”

“ரெண்டு நாளா நான் பாடறதைக் கேட்டுட்டு இருந்திருக்கீங்க.”

மணிக்காரம்மா எழுந்து பின்னறைக்குப் போனார். எல்லாம் முடிந்தது என்று பெயிண்டர் நினைத்துக்கொண்டார். ஆனால் அவர் இரும்பு ஸ்கேலோடு திரும்பி வந்து, கணவரின் இடது கையைப் பிடித்துத் திருப்பி, கட்டைவிரலைக் குறுக்கே அளந்தார். ஒரு இன்ச். மயிரிழை கூடவுமில்லை, குறையவுமில்லை. கையை விட்டுவிட்டு மறுபடி உள்ளே போய்விட்டார்.

அன்று முழுக்க அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. சாப்பாடு போட்டார், துணி மடித்தார், மகளிடம் போனில் சாதாரணமாகப் பேசினார். குழுவுக்கும் எதுவும் எழுதவில்லை. அங்கே ஆளாளுக்கு வாழ்த்து அனுப்பிக்கொண்டிருந்தார்கள், போன் மேஜையில் கிடந்து உறுமிக்கொண்டே இருந்தது. நாளைக்கு இவள் வாயைத் திறக்காமல் இருந்துவிடுவாளோ என்று பெயிண்டருக்கு ஒரு பயம். அப்படி இருந்தால் தானும் வாயை மூடிக்கொள்வது என்று முடிவு செய்தார். மணி அவளுடையது, முடிவும் அவளுடையதாக இருக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை கிளம்பும்போது மணிக்காரம்மா ஒன்றே ஒன்று சொன்னார். பச்சை எனாமல் பெயிண்ட் ஒரு டப்பாவும் ஓரம் அடிக்கிற பிரஷ்ஷும் எடுத்துக்கொள்ளச் சொன்னார். பெயிண்டர் ஏன் என்று கேட்கவில்லை.

குழுவிலிருந்து பதினான்கு பேர் வந்திருந்தார்கள். சிலர் முதல்நாளே பஸ் ஏறியவர்கள். படிக்கட்டில் ஆளுக்கொரு படியில் நின்றார்கள். தலைவர் தன் டேப்பால் தானே அளந்தார், எட்டு என்றார். பல் டாக்டர், வாயில் பல் பார்க்கிற சின்ன விளக்கை வட்டத்துக்கு அடித்துப் பார்த்து, சுத்தமான வேலை என்று ஒப்புக்கொண்டார். தலைவர் பட்டியலை எடுத்தார். எட்டு இன்ச் மணியைச் ‘சுவடு உண்டு’ பத்திக்கு மாற்றச் சம்மதிக்கிறவர்கள் கையைத் தூக்கலாம் என்றார். பதினான்கு கையும் கிளம்பியது.

“கை தூக்காதீங்க. இது மணியோட அளவு இல்ல,” என்றார் மணிக்காரம்மா.

அப்புறம் நின்ற இடத்திலிருந்தே முழுக்கச் சொன்னார். யார் அடித்தது, எப்போது அடித்தது, எவ்வளவு இடம் விட்டது என்று ஒன்று விடவில்லை. வாயால் சொன்னால் போதாது என்று, பையிலிருந்து ஆறு இன்ச் மணியும் ஒரு பிளைவுட் பலகையும் எடுத்தார். பலகையில் மணியைத் திருகி மாட்டி, கணவரைப் பார்த்து, எப்போதும் அடிக்கிற மாதிரியே அடிக்கச் சொன்னார்.

பெயிண்டர் படியில் மண்டியிட்டு உட்கார்ந்தார். ஆயிரம் சுவர் அடித்த கைதான், ஆனால் பதினான்கு பேர் பார்க்க அடித்ததில்லை, முதலில் கொஞ்சம் தயங்கியது. பெயிண்டில் பிரஷ்ஷைத் தொட்டதும் தயக்கம் போய்விட்டது. மேலே ஆரம்பித்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரே வீச்சில் சுற்றி வந்து, வலப்பக்கம் கீழே எடுத்தார். வால் விழுந்தது. மணியைக் கழற்றிவிட்டுப் பல் டாக்டர் அளந்தார். இரண்டு தடவை அளந்தார். எட்டு.

தலைவர் பட்டியலை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார், எட்டு இன்ச் ‘நினைப்பு’ப் பத்தியிலேயே தொடரும் என்று மெதுவாகச் சொன்னார். இதைச் சொல்லாமலே விட்டிருக்கலாம், சொன்னதற்காக இந்த ஒரு வரியை நான் மரியாதையோடு வைத்திருப்பேன் என்றும் சொன்னார். தாளில் இருக்கிற நாலாவது வட்டத்தை இதுவரை யாரும் பொய்யாக்கவில்லை, அதை மறந்துவிட வேண்டாம் என்று மணிக்காரம்மா பதில் கொடுத்தார். எல்லோரும் சிரித்தார்கள், படிக்கட்டில் மூச்சு வந்தது.

பல் டாக்டருக்கு மட்டும் மண்டையைக் குடைந்துகொண்டிருந்தது. அவர் கீழே குனிந்து பெயிண்டரிடம் கேட்டார். “எல்லாரும் மணி மேலேயே பூசிட்டுப் போறாங்க. நீங்க மட்டும் ஏன் சார் இவ்வளவு ஒதுங்கி அடிக்கறீங்க?”

பெயிண்டர் பிரஷ்ஷைத் துணியில் துடைத்துக்கொண்டிருந்தார். இத்தனை பேர் முன்னால் பேசிப் பழக்கமில்லாததால் துணியைப் பார்த்தே சொன்னார்.

“முப்பது வருஷம் முன்னால ஒரு கிடங்குல என் பெயிண்ட் பட்டு மணி ஒட்டிக்கிச்சு. செக் பண்ண வந்த பொண்ணு ஏணியில நின்னுக்கிட்டு, பத்து ஆளுங்க முன்னால என்னைத் திட்டுச்சு. உள்ள ஆளுங்க இருக்கறப்ப இது அடிக்காம போனா நீ வந்து கத்துவியான்னு கேட்டுச்சு. அன்னியிலேர்ந்து எந்த மணியையும் நான் கட்டைவிரலுக்குக் கிட்டப் போய் அடிச்சதில்ல.”

பதினான்கு தலையும் ஒன்றாக மணிக்காரம்மா பக்கம் திரும்பியது. அவர் ஈரம் காயாத பலகையைக் கையில் பிடித்துக்கொண்டு, அந்த ஒரு இன்ச் இடைவெளியையே பார்த்துக்கொண்டிருந்தார். விரலில் பச்சை ஒட்டியதுகூடத் தெரியவில்லை.

“திட்டினது எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு,” என்றார் கணவரிடம். “நீங்க அதைக் கேட்டுக்கிட்டீங்கன்னுதான் இத்தனை வருஷமாத் தெரியாமப் போச்சு.”